மேசைக்குக் கீழே இருந்த படம்

முதலாளி, நீங்கள் பொய் சொன்னீர்கள். வணிகர் சங்கக் கட்டடத்தில், ஊரே உட்கார்ந்திருக்கும்போது, மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். "எங்க சென்டர்ல ஒரு தப்பும் நடக்கலைங்க. கேட்வே கெட்டுப்போச்சு. அத வெச்சவரத்தான் கேக்கணும்." கேட்வே கெட்டுப்போகவில்லை. அது உங்களுக்கே தெரியும். அதை வைத்தவன் நான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்ல வரும்.

காரிமங்கலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கேமரா மாட்டுவது, பிரிண்டர் சரிபார்ப்பது, கேபிள் இழுப்பது எல்லாம் செய்வேன். ஸ்கேன் சென்டர் முதலாளி என்னைக் கூப்பிட்டபோது அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. அவர் வாங்கியிருந்தது பழைய சி.டி. ஸ்கேன் மெஷின். எங்கோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஓடித் தேய்ந்து வந்தது. படம் நன்றாகத்தான் எடுக்கும். ஆனால் எடுத்த படத்தை வெளியே அனுப்ப அதற்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். எஃப்.டி.பி. என்பார்கள். தபால் கார்டு மாதிரி. பெயர், கடவுச்சொல், படம் எல்லாம் திறந்தபடியே கம்பியில் போகும். நடுவில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர்கள் சேலத்தில் இருந்தார்கள். அவர்களுடைய சர்வர் தபால் கார்டை வாங்காது. எஸ்.எஃப்.டி.பி. என்ற வழியில் வந்தால்தான் வாங்கும். அது பூட்டுப் போட்ட பெட்டி. மெஷினுக்குப் பூட்டத் தெரியாது, சேலத்துக்குப் பூட்டாததை வாங்கத் தெரியாது. இரண்டையும் மாற்ற முடியாது.

அதனால் நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்தேன். அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்றில் மெஷினிலிருந்து வரும் கேபிள், இன்னொன்றில் வெளியே போகும் இன்டர்நெட் கேபிள். மெஷின் தனக்குத் தெரிந்த முறையில் படத்தை இதனிடம் கொடுக்கும். இது வாங்கி, பூட்டி, சேலத்துக்கு அனுப்பும். இதற்குப் பெயர்தான் கேட்வே. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. வரவேற்பறையில் மேசைக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி. அவ்வளவுதான். கேபிள்களில் டேப் ஒட்டி 'உள்ளே', 'வெளியே' என்று பேனாவால் எழுதினேன்.

இந்த இடத்தில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அடுத்தவனைக் கேட்க எனக்கு வாயில்லை.

படம் சேலம் போய்ச் சேர்ந்த பிறகுதான் மெஷினுக்கு 'முடிந்தது' என்று பதில் கொடுக்க வேண்டும். முறை அதுதான். முதலில் அப்படித்தான் செய்தேன். எங்கள் பக்கத்து இன்டர்நெட் மெதுவாக ஓடியது. மெஷின் கொஞ்ச நேரம் காத்திருக்கும். பதில் வராவிட்டால் 'தோல்வி' என்று காட்டிவிட்டு முதலிலிருந்து அனுப்ப ஆரம்பிக்கும். ஒரு நாள் முழுக்க இதே கதை. முதலாளி பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மாற்றினேன். படம் என் பெட்டிக்குள் வந்து விழுந்தவுடனே 'முடிந்தது' என்று மெஷினுக்குப் பதில் போகும்படி வைத்தேன். சேலத்துக்கு அனுப்புவதை அதற்கப்புறம் பெட்டி தன்பாட்டுக்குச் செய்துகொள்ளும். உலகத்தில் பல பேர் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் அதோடு வேறு ஒரு காவலும் வைக்க வேண்டும்.

இரண்டு காவல் வைத்தேன். ஒன்று, படம் பெட்டியிலேயே தங்கிவிட்டால் என் போனுக்குச் செய்தி வரும். இரண்டாவது, ஒவ்வொரு படம் அனுப்பியதும் சேலத்துக்கு ஒரு போன். "ஒரு தலை அனுப்பியிருக்கோம், வந்துச்சுங்களா?" அவ்வளவுதான் கேட்க வேண்டும்.

மெஷினை ஓட்டுவது ஒரு பெண். பாலக்கோட்டுப் பக்கம் கிராமம், படித்து முடித்து வந்த முதல் வேலை. அவளுக்கு இதை விளக்க எவ்வளவு நேரம் ஆகுமோ என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். அவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

"சார், லாரி ஆபீஸ்ல தக்காளிப் பொட்டிய எறக்குனா சீட்டுக் குடுப்பாங்கல்ல, அது மாதிரிதான இது? பொட்டி ஆபீஸுக்கு வந்துச்சுன்னு சீட்டு சொல்லும். ஊரு போயிச் சேந்துச்சான்னு சொல்லாது."

"அதேதாம்மா."

"அப்ப அதுக்குத்தான் போனு. எங்கப்பாவும் அப்படித்தான், பொட்டிய ஏத்தி வுட்டுட்டு ராத்திரி பூரா மண்டிக்குப் போன் போட்டுக்கிட்டே இருப்பாரு. அவன் எடுக்கவே மாட்டான்" என்று சிரித்தாள்.

முதலாளிக்கும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆறு மாதம் போன் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு நாள் நான் பிரிண்டர் பார்க்கப் போனபோது போன் போடுவதை நிறுத்திவிட்டதாக அந்தப் பெண் சொன்னாள். முதலாளியிடம் கேட்டேன்.

"எல்லாந்தான் நல்லாப் போவுதே சார். சேலத்துக்காரங்க சிரிக்கறாங்க. 'ஏங்க, ஒங்க மெசினு மேல ஒங்களுக்கே நம்பிக்க இல்லையா'ன்னு கேக்கறாங்க. நீங்க பண்ண வேல மேல எனக்கு நம்பிக்க இருக்குது. ஒங்களுக்கு இல்லையா?"

புகழ்ந்து பேசி வாயை அடைப்பது அவருக்குக் கைவந்த வேலை. நான் அடைபட்டேன். இன்னொரு முறை வற்புறுத்தியிருக்க வேண்டும். பிரிண்டரை மூடிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன்.

போன வருடம் ஆயுத பூஜை. சென்டருக்கு அன்று விடுமுறை. எல்லாரையும் போல முதல் நாள் சாயங்காலமே கழுவித் துடைத்தார்கள். அந்த சென்டரில் ஒரு வழக்கம் உண்டு. மெஷின்களை வேலைக்காரர்கள் துடைக்கக் கூடாது. முதலாளியே தன் கையால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். சோறு போடுகிற மெஷினை அடுத்தவன் கையால் குளிப்பாட்டக் கூடாது என்பார். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் கடையில் ஸ்க்ரூ டிரைவருக்கு நானே பொட்டு வைக்கிறேன். அவர் என் பெட்டியையும் மேசைக்கு அடியிலிருந்து இழுத்து, கேபிளைப் பிடுங்கி, தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்து, பொட்டு வைத்து, திரும்பவும் உள்ளே தள்ளியிருக்கிறார். பிடுங்கியது இரண்டு கேபிள். திரும்பச் செருகியது ஒன்று.

உள்ளே வரும் கேபிளைச் செருகிவிட்டார். வெளியே போகும் கேபிள் மேசைக்குப் பின்னால் விழுந்து கிடந்தது.

பூஜைக்கு மறுநாள் விஜயதசமி. காலை பத்து மணி வாக்கில் மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நாற்பது வயது இருக்கும். டிராக்டர் டிரெய்லரில் தக்காளிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது கால் வழுக்கிப் பின்பக்கமாக விழுந்திருக்கிறார். தலையில் அடி. கொஞ்ச நேரம் நினைவில்லை, பிறகு எழுந்துவிட்டார். உள்ளூர் டாக்டர் தலையை ஸ்கேன் எடுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நடந்தேதான் வந்தார். கூட அவர் வீட்டுக்காரர்.

அன்று அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. மெஷின் ஓட்டிய பெண் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவள் இப்போது அந்த வேலையில் இல்லை. "நான் சொன்னத எழுதிக்கங்க சார், பேரு மட்டும் வேணாம்" என்றாள்.

"பொட்டியெல்லாம் வெயில்ல கெடக்குது, சீக்கிரம் வுடும்மா" என்று அந்த அம்மா அவசரப்படுத்தியிருக்கிறார்.

"தலைய ஆட்டாமப் படுங்கக்கா. ஆட்டுனா படம் விழாது."

"எப்படிம்மா ஆட்டாம இருக்கறது? இருவது வருசமா இந்தாளு சொல்றதுக்கெல்லாம் ஆட்டி ஆட்டியே பழகிப்போச்சு."

வெளியே நின்ற வீட்டுக்காரர், "எப்ப ஆட்டுன நீ? நாந்தான் ஆட்டிக்கிட்டுக் கெடக்கறன்" என்றிருக்கிறார். மூன்று பேரும் சிரித்திருக்கிறார்கள்.

படம் எடுத்து முடிந்தது. அனுப்பினாள். மெஷின் திரையில் 'முடிந்தது' என்று வந்தது. என் பெட்டி கொடுத்த பதில்தான் அது. படம் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. அதற்கு மேல் வழி இல்லை. என் போனுக்கு வர வேண்டிய எச்சரிக்கையும் வரவில்லை. ஏன் என்றால், அந்த எச்சரிக்கையும் வெளியே போகும் அதே கேபிள் வழியாகத்தான் வர வேண்டும். அந்தக் கேபிளே கழன்றுவிட்டால் எப்படிச் சொல்லும் என்று நான் யோசிக்கவே இல்லை. இது என் இரண்டாவது தப்பு. முதல் தப்பைவிட மோசமான தப்பு. ஒரு சிவப்பு விளக்கை மேசை மேல் மாட்டியிருந்தால் போதும்.

ரிப்போர்ட் வழக்கமாக முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும். ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. அந்தப் பெண் முதலாளியிடம் போனாள். அவள் சொன்னது இது:

"சார், ரிப்போர்ட் வரல. கம்ப்யூட்டர்காரருக்கு ஒரு போன் போடட்டுங்களான்னு கேட்டன். 'விஜயதசமி அன்னிக்கு மொத கேஸுலயே ரிப்பேர்காரனக் கூப்புடறதா? இன்னிக்கு எத ஆரம்பிக்கறமோ அதுதான் வருசம் பூரா நடக்கும். சேலத்துலயும் பூஜ லீவுல மெதுவாத்தான் பாப்பாங்க. போயி உக்காரு'ன்னாரு. நான் வுடல. 'சார், படத்துல ஒரு பக்கம் என்னமோ வெள்ளையாத் தெரியுது சார், பிலிமாவது அடிச்சுக் குடுத்துரலாம், தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவட்டும்'னன். 'ரிப்போர்ட்டு இல்லாம பிலிம் குடுக்கற பழக்கம் நம்ம கிட்ட இல்ல. நீ என்ன டாக்டரா?'ன்னு கேட்டாரு. போயி உக்காந்துட்டன் சார்."

முதலாளி, இதுதான் நீங்கள் மைக்கில் சொல்லாமல் விட்டது.

பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மா தலைவலி என்று சொல்லியிருக்கிறார். ஒரு மணிக்கு பெஞ்சில் சாய்ந்திருக்கிறார். இரண்டு மணிக்கு அந்தப் பெண், முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, பின்பக்கம் போய் எனக்குப் போன் செய்தாள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

உள்ளே நுழைந்தபோது அந்த அம்மா பெஞ்சில் படுத்திருந்தார். தலை வீட்டுக்காரர் மடியில். "தூங்கறாங்க" என்று அவர் எனக்குச் சைகை காட்டினார், சத்தம் போடாதே என்பது போல. நான் மேசைக்குக் கீழே குனிந்தேன். முன்பக்கம் ஒரு பொட்டு. பெட்டியைத் திருப்பினேன். ஒரு துளையில் கேபிள் இருந்தது. இன்னொரு துளை காலி. பின்பக்கமும் பொட்டு வைத்திருந்தார்; அந்தக் காலித் துளைக்கு மேலேயே சந்தனம் வழிந்து காய்ந்து, நடுவில் குங்குமம். கேபிள் செருகியிருந்தால் அந்த இடத்தில் சந்தனம் ஒட்டியிருக்காது. பொட்டு வைக்கும்போதே கேபிள் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நான் எழுதி ஒட்டிய 'வெளியே' ஈரத்துணி பட்டு அழிந்திருந்தது.

சந்தனத்தை நகத்தால் சுரண்டிவிட்டுக் கேபிளைச் செருகினேன். பச்சை விளக்கு வந்தது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நான்கு மணி நேரமாகக் காத்திருந்த வேலையை அது உடனே செய்ய ஆரம்பித்தது. சில நிமிடங்களில் படம் சேலத்தில் இருந்தது.

கால் மணி நேரத்தில் சென்டர் போன் அடித்தது. சேலம் டாக்டர். அந்தப் பெண் எடுத்தாள். அவர் கத்தியது எனக்கே கேட்டது. "இது காலையில எடுத்த படமாம்மா? நேரம் போட்டிருக்கே. உள்ள ரத்தம் கட்டியிருக்கு. இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க? பேஷன்ட் எங்க? முழிச்சிருக்காங்களா?"

அந்தப் பெண் போனை வைக்காமலே திரும்பி, "அண்ணா, அக்காவ எழுப்புங்க" என்றாள்.

அவர் எழுப்பினார். எழுப்பினார். எழுப்பிக்கொண்டே இருந்தார்.

108 வண்டி வந்தது. சேலத்தில் அறுவை செய்தார்கள். அந்த அம்மா பிழைத்தார். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சும் வரவில்லை. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், மண்டியில் தமிழ். மண்டிக்காரனிடம் வாய் பேசித் தக்காளியை விற்றுவிட்டு வருவது அந்த அம்மாதான், வீட்டுக்காரருக்கு அவ்வளவு பேச்சு வராது. இப்போது நீங்கள் எந்த மொழியில் பேசினாலும் அவருக்குப் புரிகிறது. கண்ணில் தெரிகிறது. பதில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாவின் வீட்டுக்காரர் என் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறன் சார். அந்தப் படம் அவ்ளோ நேரமும் எங்க இருந்துச்சு? காத்துலயா? சேலத்துக்குப் போற வழியிலயா? எடுத்தது பத்து மணி. போனது ரெண்டரை. நடுவுல எங்க இருந்துச்சு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். "நீங்க உக்காந்திருந்த பெஞ்சுக்கு எதுத்தாப்புல ஒரு மேசை இருந்துச்சுல்லங்க. அதுக்குக் கீழ ஒரு கறுப்புப் பொட்டி. அதுல இருந்துச்சு."



"பொட்டு வெச்சிருந்துச்சே, அதா?"

"அதேதாங்க."

"அதக் கும்புட்டன் சார் நானு. பொட்டு வெச்சிருக்குதேன்னு, உக்காந்த எடத்துலருந்தே ரெண்டு வாட்டி கையெடுத்துக் கும்புட்டன். நல்ல சேதி குடுன்னு."

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது. "ஆனா பொட்டிய என்னா சொல்றது. தப்பு என் மேலதான் சார். அவ கண்ண மூடுனப்ப எழுப்பியிருக்கோணும். பாவம், அலுப்பு, தூங்கட்டும்னு வுட்டுட்டன். தலையில அடிபட்டவங்களத் தூங்க வுடக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில எல்லாரும் சொல்றாங்க. எனக்குத் தெரியல."

கேபிள் விழுந்து கிடந்ததைச் சொன்னேன். போன் நிறுத்தியதைச் சொன்னேன். என் இரண்டு தப்பையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "நீங்க மனசு தேத்தறதுக்குச் சொல்றீங்க" என்றார். என்னை நம்பவில்லை. சென்டருக்கு வேலை செய்தவன், ஏதோ பயந்துகொண்டு பேசுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்.

அதனால்தான் அவருடைய ஊர்க்காரர்கள் வணிகர் சங்கக் கூட்டத்தில் முதலாளியிடமே அவரைக் கேட்க வைத்தார்கள். முதலாளி அந்தச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறவர். அவர் வாயால் உண்மை வந்தால் அந்த மனுஷன் நம்புவார். அவருக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். நானும் போனேன். பின்வரிசையில் அவர் பக்கத்தில் நின்றேன். முதலாளி எழுந்து, கேட்வே கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு, அடுத்தது தெரு விளக்குப் பிரச்சினை என்று போய்விட்டார். நான் கை தூக்கினேன். மைக் எனக்கு வரவில்லை.

வெளியே வரும்போது அந்த மனுஷன் என் கையைப் பிடித்தார். ஆறுதல் சொல்கிறார், எனக்கு! "வுடுங்க சார். மெசினு கெட்டா யாரு என்னா பண்ண முடியும். தூங்க வுட்டது நாந்தான்."

இப்போது வீட்டில் அந்த அம்மா பகலில் கண்ணயர்ந்தால் இவர் எழுப்பிவிடுகிறாராம். பத்து நிமிடம்கூட விடுவதில்லையாம். அந்த அம்மா அழுகிறாராம், தூங்க விடு என்று சொல்ல வாய் இல்லாமல். மாரண்டஹள்ளியில் அவர் பக்கத்து வீட்டுக்காரர் என் கடைக்கு போன் ரிப்பேருக்கு வந்தபோது சொன்னார்.

முதலாளி, என் தப்பை நான் பெயர் போட்டே எழுதத் தயார். சேராத படத்துக்கு 'முடிந்தது' என்று பதில் கொடுக்க வைத்தவன் நான். எச்சரிக்கையை அதே கேபிளில் அனுப்பியவன் நான். போன் நிறுத்தியதை எதிர்த்து நிற்காமல் டீ குடிக்கப் போனவன் நான். இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

நீங்கள் சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது. என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். அந்த வீட்டுக்குத் தனியாகப் போய்க் காதில் சொல்லவும் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் அதே கட்டடத்தில், அதே மைக்கில், அந்த மனுஷனை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். போன் போட வேண்டாம் என்று சொன்னது யார்? கேபிளைப் பிடுங்கியது யார் கை? பதினொரு மணிக்கு அந்தப் பெண் உங்களிடம் வந்து, படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது, கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாளா, இல்லையா? நீங்கள் என்ன பதில் சொல்லி அனுப்பினீர்கள்?